தானே ஆறும் உடம்பு

என் உடம்பைப் பற்றி நாற்பது வருடமாகப் பெருமை பேசி வந்தவன் நான். மேசன் வேலையில் சாந்தகப்பை கையைக் கிழித்தால் மூன்றாம் நாள் காய்ந்துவிடும். ஆணி காலில் ஏறினால் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை கல் அடுக்குவேன். “இது தானே ஆறுற உடம்பு, இதுக்கு மருந்து தேவல்ல” என்று கல்முனைச் சந்தையில் நான் சொல்லாத ஆள் இல்லை. அந்தப் பேச்சு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

களைப்பாக இருக்கிறது. ஒரு பக்கம் எழுதினால் அரை மணித்தியாலம் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். ஆனாலும் வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்க விருப்பமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் நான் நூல் பிடித்துக் கட்டிய சுவர் ஒன்றும் இன்றுவரை சாயவில்லை. பெயரை மட்டும் போடவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் தெரிந்துகொள்வார்கள். இதையெல்லாம் எழுத என் பெண்சாதி ஆசியா சம்மதித்துவிட்டாள்.

பன்னிரண்டு வயதில் தலையில் மணல் சுமந்தேன். பதினெட்டில் மேசன். இருபத்தி நாலில் சவூதிக்குப் போனேன். வந்து சொந்தமாகக் கட்டடக் கொந்திராத்து எடுத்தேன். சுனாமியில் கடல் ஊரைக் கொண்டுபோன பிறகு இந்தக் கரையில் எழும்பிய வீடுகளில் பாதி என் கைபட்டவை என்றால் மிகையில்லை. எங்கள் குடிக்குப் பள்ளிவாசலில் நான்தான் மரைக்காயர், அதாவது எங்கள் தாய்வழி ஆட்கள் சார்பில் நிர்வாகத்தில் உட்காருகிறவன். ஹஜ்ஜும் செய்துவிட்டேன். இத்தனைக்கும் என் பெயரில் ஒரு கூரை இல்லை. எங்கள் பக்கத்து வழமை அது. ஆம்பிளை பெண்சாதியின் வீட்டுக்குக் குடிபோவான். அவன் கட்டும் வீடெல்லாம் மகள்மாருக்குச் சீதனமாகப் போகும். நான் இருப்பது ஆசியாவின் வீடு. மூன்று வீடு கட்டினேன், மூன்றும் மூன்று மகள்மாருக்கு. இதை நான் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும்வரை.

தொடங்கியது காலில். சாய்ந்தமருதில் ஒரு மாடிக்குக் கொங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். பலகையில் நடக்கிறேன், பஞ்சில் மிதிப்பது போல இருக்கிறது. கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வலது கண்ணிலும் புகை படிந்திருந்தது. சீனி வருத்தம், நீரிழிவு, என்று நினைத்தேன். பார்த்தார்கள், சீனி இல்லை. கண் கிளினிக்கில் இருந்த டொக்டர் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். நாலு குப்பி இரத்தம் எடுக்கத் துண்டு எழுதினார்.

ஒரு கிழமை கழித்து ஆஸ்பத்திரியின் கடைசி மூலையில் இருக்கும் ஓர் அறைக்குப் போகச் சொன்னார்கள். கதவுக்கு மேலே இருந்த பலகையை ஒற்றைக் கண்ணால் எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாலியல் நோய் சிகிச்சை. வாங்குப் பலகையில் இருந்த ஐந்தாறு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். ஹஜ் செய்த நாளிலிருந்து வீட்டுக்கு வெளியே தொப்பி கழற்றியது அன்றுதான்.

உள்ளே இருந்தது டொக்டர் யசோதா. காரைதீவுப் பிள்ளை, என் மூத்த மகளின் வயது இருக்கும்.

“ஹாஜியார், உங்கட ரத்தத்தில சிபிலிஸ் எண்ட கிருமிட அடையாளம் இருக்கு.”

பழைய ஆட்கள் கிரந்தி, மேகநோய் என்று சொல்வது இதைத்தான்.

“மகள், றிப்போட் மாறியிருக்கும். நான் ஹஜ் செஞ்ச மனிசன்.”

“கிருமிக்கு அது தெரியாதே ஹாஜியார். இது நேத்து வந்ததில்ல. முப்பது, நாப்பது வருசத்துக்கு முந்தி, மறைவான இடத்தில ஒரு புண் வந்ததா? நோகாத புண்?”

நோகாத என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும், தொப்பி இருந்த சட்டைப் பையைக் கையால் மூடினேன்.

வந்தது. சவூதிக்குப் போன முதல் பயணம் முடிந்து வரும்போது, விமான டிக்கட் கிடைக்காமல் பம்பாயில் ஒன்பது நாள் தங்கினோம். அங்கே ஒரு தவறு நடந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன். அல்லாஹ்விடம் அழுது தவ்பாச் செய்தாயிற்று. ஊருக்கு வந்து மூன்றாம் கிழமை புண் வந்தது. கல்லுப் போல விளிம்பு, நோவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் எழுதுவார்கள், அங்கே ஆசியாவின் காக்கா, அவள் அண்ணன், வேலை செய்தார். அதனால் ஓதிப் பார்க்கிற லெப்பையிடம் போனேன். அவரிடமும் உண்மை சொல்லவில்லை, உள்காய்ச்சல் என்றேன். பாவம் அந்த மனிதர், தண்ணீர் ஓதித் தந்தார். “ஓதித் தாறன் மனே, டொக்டரிட்டயும் ஒருக்கா காட்டு” என்றும் சொன்னார். நான் முன்பாதியை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் புண் தடமில்லாமல் மூடிவிட்டது. அந்தச் சந்தோசத்தில் ஓர் ஆட்டுக்கிடாய் அறுத்து ஊருக்குக் கந்தூரிச் சோறு கொடுத்தேன். எதற்குக் கந்தூரி என்று கேட்டவர்களுக்கு, பயணம் நல்லபடி முடிந்ததற்கு என்றேன். தானே ஆறும் உடம்பு என்ற பேச்சு அன்றைக்குத் தொடங்கியதுதான்.

யசோதா டொக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஒரு கடதாசியை எடுத்துக் கீறி விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

உடம்புக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள். தோல்தான் முதல் மதில். மறைவிடத்துத் தோல் மெல்லியது, பூச்சுப் பூசாத சுவர் மாதிரி. பெண்களுக்கு உள்ளேயே நல்ல கிருமிகள் இருந்து, பாலைத் தயிராக்குவது போல ஒரு புளிப்பை உண்டாக்கி வைத்திருக்குமாம். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பல பிழைக்காது. இவற்றையும் தாண்டிக் கிருமி உள்ளே வந்தால், இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு ஓடி வந்து அதைப் பிடித்துத் தின்னும்.

“உங்கட புண் கல்லுப் போல இருந்தது எண்டீங்களே, அது கிருமி மட்டுமில்ல. உங்கட காவல்காரர் வந்து குமிஞ்சதாலதான் அப்பிடி. அவங்கதான் புண்ண மூடினது. நீங்க சந்தையில சொன்னது முழுப் பொய்யில்ல ஹாஜியார். பாதி உண்மை.”

மற்றப் பாதியையும் சொன்னார். இந்தக் கிருமி திருகாணி மாதிரி, மயிரை விட மெலிது. அதன் மேற்பூச்சில் காவல்காரர் பிடிப்பதற்குக் கைப்பிடி குறைவு. புண்ணில் இருந்தவை செத்துப்போகும்போது, தப்பினவை அதற்கு முன்னமே இரத்தத்தில் ஏறிப் போயிருக்கும். காவல் குறைந்த இடங்களில் போய் ஒளிக்கும். கண், மூளை, முதுகுத்தண்டு. வருடக்கணக்காகக் கிடக்கும். உடம்பு அதோடு ஓயாமல் மல்லுக்கட்டும். அந்த மல்லுக்கட்டிலேயே நரம்பு தேயும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கடல் மணலில் சாந்து குழைத்துப் பூசினால் அன்றைக்குச் சுவர் பளபளக்கும். உப்பு உள்ளே இருக்கும். பத்து வருடம் கழித்து மேலே வந்து பூச்சைத் தள்ளும். நான் ஒரு வீட்டுக்கும் கடல் மணல் போட்டவனில்லை. அதிலே எனக்குப் பெரிய பெருமை.

“எத்தின பிள்ளைகள் ஹாஜியார்?”

“மூணு மகள்மார்.”

“எல்லாரும் அதுக்குப் பிறகா பிறந்த?”

“ஓம். மகள்மாருக்கு முந்தி ரெண்டு... தங்கல்ல. வயித்துக்குள்ளேயே மௌத்தாகி, உசிரில்லாமப் பிறந்த.”

அவர் பேனையை மேசையில் வைத்தார். வைத்த விதத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இந்தக் கிருமி தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும், முதல் சில வருடங்களில்தான் அதிகமாகப் போகும் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, “அவங்கட ரத்தமும் பாக்கணும். ஏன் எண்டு அவங்களுக்குச் சொல்றது நீங்க. நான் சொல்ல மாட்டன். ஆனா நீங்க சொல்லத்தான் வேணும்” என்றார்.

அந்த இரண்டு பிள்ளைகளுக்காக ஆசியா பட்ட பேச்சை நான் இங்கே எழுத வேண்டும். என் உம்மா அவளை ராசியில்லாதவள் என்றா. உச்சிப் பொழுதில் கடற்கரைக்குப் போனாளாம், அதனால்தான் என்றா. நானும் ஒரு தரம் கோபத்தில், “உன்ட வயிறு கல்லறை” என்றேன். அவள் அடுப்படியில் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முதுகு எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

பதினான்கு நாள் வார்ட்டில் படுக்க வைத்தார்கள். முதலில் முதுகுத் தண்ணீர் எடுத்தார்கள். இறால் மாதிரி வளைந்து கிடக்கச் சொல்லி, இடுப்புக்கு மேலே முள்ளெலும்பு இடுக்கில் ஊசி ஏற்றினார்கள். பிறகு நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், இரவென்றும் பகலென்றும் இல்லை, நரம்பில் பெனிசிலின். முதல் நாளே குளிர்காய்ச்சல் வந்து கட்டில் ஆடியது. கிருமி கூட்டமாகச் செத்தால் உடம்பு இப்படிக் கொதிக்குமாம். அரசாங்க ஆஸ்பத்திரி, மருந்துக்கு ஐந்து சதம் இல்லை. ஆனால் நேரம் போகாது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சிடும். நான் எண்ணி எண்ணி அலுத்துப்போனேன்.

பக்கத்துக் கட்டிலில் பெரியநீலாவணைத் தம்பிராசா. தோணி தள்ளும்போது கால் எலும்பு முறிந்து வந்தவர். காலைத் தூக்கிக் கட்டியிருந்தாலும் வாயைக் கட்ட முடியவில்லை.

“காக்காக்கு என்ன வருத்தம்?”

“நரம்பு.”

“நரம்புக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காக் குத்துறாங்களோ? எனக்கு எலும்பே முறிஞ்சி கிடக்கு, ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறாங்க இல்ல. நீங்க மரைக்காயர் எண்டா நர்ஸ் மிஸ்ஸிமாருக்கும் பயம்தான் போல.”

“நான் கட்டின வார்ட்டு தம்பி இது. அதுதான் கவனிப்பு.”

“அப்ப இந்த மேல்தட்டு ஒழுகுறதும் உங்கட கைவேலதானோ?”

அந்த நாட்களில் நான் சிரித்தது அந்த ஒரு தரம்தான். வார்ட்டை நான் கட்டவில்லை. பழக்கத்தில் வந்துவிட்டது.

ஆசியா தினமும் பகல் பன்னிரண்டுக்குக் கரியரோடு வருவாள். சோறு, மீன் ஆணம், கொஞ்சம் கீரை. எனக்குக் கண் புகையாக இருப்பதால், மீனை வீட்டிலேயே உதிர்த்து முள்ளெல்லாம் எடுத்து, அதன் பிறகு ஆணத்தில் போட்டுக் கொண்டுவருவாள். கீரிமீனுக்கு எத்தனை முள் இருக்கும் என்று தின்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு முள் என் தொண்டையில் படவில்லை. நான் தின்று முடியும்வரை முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டு பக்கத்தில் இருப்பாள்.

மூன்றாம் நாள் சொல்ல நினைத்தேன். “இஞ்ச பாரு புள்ள” என்று தொடங்கி, “ஆணத்துக்கு உப்புக் கொஞ்சம் கூட” என்று முடித்தேன். ஐந்தாம் நாள் இளைய மகள் கூட வந்துவிட்டாள். ஏழாம் நாள் தம்பிராசா விழித்திருந்தார். உண்மையான காரணம் அவர்கள் இல்லை. ஆசியா வாசலைச் சாத்தினால் நான் எங்கே போவேன்? ஊர் முழுக்க வீடு கட்டினவன் பள்ளி விறாந்தையில் படுப்பதா? அறுபத்தெட்டு வயதில் இந்தப் பயம். அதைவிடப் பெரிய பயம், அவள் ஒன்றும் சொல்லாமல் அந்த முதுகை மறுபடி காட்டி நின்றால் என்ன செய்வது என்பது.

எட்டாம் நாள் பாதியைச் சொன்னேன்.

“டொக்டர் உன்ட ரத்தமும் பாக்கணுமாம்.”

ஏன் என்று கேட்பாள், பொய்யாக ஒன்று சொல்லலாம் என்று ஒரு வசனமும் வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கரியரை மூடினாள்.

“எந்த இடத்தில?”

“அந்தக் கடைசி மூலை அறை.”

“ஓம், தெரியும்” என்றாள். எழுந்து போய்விட்டாள்.

பதினோராம் நாள் ஆசியாவின் இரத்த முடிவு வந்திருந்தது. தம்பிராசாவிடம் கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அந்த அறை வாசல்வரை போனேன். ஆசியா உள்ளே இருந்தாள். கையில் ஊசிக்குழாயோடு வாங்கில் உட்கார்ந்தேன். நானும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அறைக்குள் நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு கடதாசி சொல்லிக்கொண்டிருக்கிறது, அல்லது அந்த டொக்டர்ப் பிள்ளை சொல்லாமல் தவிக்கிறது, இரண்டில் ஒன்று என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. ஆசியா நின்றாள். என்னை நேராகப் பார்த்தாள்.

“அண்டைக்குக் கூப்பிட்டன், வரல்ல. இண்டைக்காவது உள்ள வாங்க.”

எனக்கு விளங்கவில்லை. போய் உட்கார்ந்தேன். யசோதா டொக்டர் ஆசியாவைப் பார்த்து, “சொல்லட்டா உம்மா?” என்று கேட்டார்.

“சொல்லுங்க மகள். எனக்கு ஒளிக்க ஒண்டுமில்ல.”

இரண்டு விதமான சோதனை செய்திருக்கிறார்கள். ஒன்று, உடம்புக்குள் சண்டை இன்னும் நடக்கிறதா என்று காட்டுவது. ஆசியாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. மற்றது, உடம்பு எழுதிவைக்கும் பதிவு. ஒரு தரம் இந்தக் கிருமியைக் கண்ட உடம்பு அதற்கென்று எதிர்ப்புப் பொருள் செய்யும். கிருமி செத்த பிறகும் அந்த அடையாளம் பெரும்பாலும் மௌத்தாகும்வரை இருக்கும். ஆனால் அது காவல் இல்லை. அடையாளம் இருக்கிறது என்பதற்காக மறுபடி நோய் தொற்றாது என்று இல்லை. ஆசியாவின் இரத்தத்தில் அந்த அடையாளம் இருந்தது.

“உம்மாக்கு வந்து, அப்பவே மருந்து குடுத்துச் சுகமாக்கியிருக்கு. நான் கேட்டன், சொன்னாங்க” என்றார் டொக்டர்.

ஆசியா மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“மூத்த மகள் வயித்தில மூணு மாசம். கிளினிக்கில ரத்தம் எடுத்தாங்க. மறுகா மூணு கிழமை, கிழமைக்கு ஒரு நாள், ரெண்டு பக்கத்துக் குண்டியிலயும் ஊசி. நடக்க ஏலாது. மிட்வைப் மிஸ்ஸி சொன்னா, இது ஆம்புளையிட்ட இருந்து வாற வருத்தம், மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா எண்டு. நீங்க லீவில வந்து நிண்டீங்க. வந்து சொன்னன், உங்களயும் ரத்தம் பாக்கக் கூப்பிடுறாங்க எண்டு.”

எனக்கு ஞாபகம் வந்தது. முற்றத்தில் நின்று சீமெந்துப் பை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று வேலையாட்கள் பக்கத்தில். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னேன்: “என்ட உடம்புக்கு ஊசியா? இது தானே ஆறுற உடம்பு, போய்ச் சொல்லு உன்ட மிஸ்ஸிட்ட.” வேலையாட்களும் சிரித்தார்கள்.

“அப்ப நீ தெரிஞ்சி கொண்டா இருந்த? இத்தின வருசமா?”

“தெரிஞ்சி என்ன செய்ற? வாய் திறந்திருந்தா, நீ எங்க போய்த்து வந்த எண்டு என்னத்தானே கேட்டிருப்பீங்க. உங்கட உம்மாவும் கேட்டிருப்பா. என்ட புள்ள வயித்தில கிடக்கு. அது உசிரோட வரட்டும் எண்டு மட்டும்தான் நான் பாத்த.”

இல்லை, கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கேட்டிருப்பேன்.

மகள்மாருக்கும் ஒரு தரம் இரத்தம் பார்த்துவிடலாம், பயமில்லை என்றார் டொக்டர். பார்த்தோம், மூவருக்கும் ஒன்றுமில்லை. ஆசியா எடுத்த அந்த ஊசிகள்தான் என் வீட்டைக் காத்தன. நான் அறுத்த கிடாய் இல்லை. நான் பேசிய உடம்பும் இல்லை.

வார்ட்டுக்குத் திரும்பும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கால் தெரியாமல் நடக்கிறவனுக்கு அந்தப் பிடிதான் தரை. பாதி வழியில் கேட்டேன்.

“அந்த ரெண்டுக்கும் பேர் வெச்சயா?”

நாற்பது வருடத்தில் நான் இதைக் கேட்டதே இல்லை. ஒன்றின்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். மற்றதின்போது பக்கத்தில் இருந்தும் இல்லாதவன்.

“வெக்காம அடக்குவாங்களா? மூத்தவன் ஹாறூன். மற்றது சபியா.”

“எந்த இடத்தில?”

“என்ட காக்காதான் தூக்கிட்டுப் போன. மையவாடில கடல் பக்கத்து வேலியோரம், பூவரசுக்குக் கீழ எண்டார். நான் கண்டனா?”

பதினைந்தாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணில் புகை பாதி விலகியிருக்கிறது. கால் இனி இப்படித்தான், தேய்ந்த நரம்பை மருந்து முளைப்பிக்காது என்றார் டொக்டர். கிளினிக் கொப்பியில் அடுத்த மாதத்துக்குத் திகதி போட்டுத் தந்தார். “பழசு ஆறினாலும் புதுசு வராது எண்டு நினைக்கப்படாது, எல்லாருக்கும் சொல்லுங்க” என்றார். அதனால்தான் எழுதுகிறேன். நம்மூர் ஆம்பிளைகளே, நோகாத புண் மூடிவிட்டது என்று கந்தூரி கொடுக்காதீர்கள். அந்தக் கடைசி மூலை அறைக்குப் போங்கள். தொப்பியோடே போங்கள். பெண்சாதி கூப்பிட்டால் போங்கள்.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள், தடியை ஊன்றிக்கொண்டு மையவாடிக்குப் போனேன். இந்த ஊரில் எத்தனையோ கப்றுகளுக்கு, அடக்கிய இடம் தெரிய, மீசான் கட்டை நட்டுக் கொடுத்தவன் நான், கூலி வாங்காமல். அன்றைக்கும் இரண்டு சின்னக் கட்டை செதுக்குவித்து ஓட்டோவில் வைத்திருந்தேன். கடல் பக்கம் வேலி இல்லை. பூவரசும் இல்லை. கடல் வந்த அன்று அந்தப் பக்கம் முழுக்க அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிறகு மண் போட்டு நிரப்பிச் சமப்படுத்தியிருந்தார்கள். சமப்படுத்தியது என் ஆட்கள்தான். நான்தான் நின்று பார்த்து, மட்டம் சரி என்றேன்.

வெயிலில் இங்கும் அங்கும் நடந்தேன். கால் ஒன்றும் சொல்லவில்லை. நின்றபடியே இருவரின் பெயரையும் சொல்லித் துஆக் கேட்டேன். கட்டைகளை நடாமல் திரும்பினேன்.

ஆசியா வாசல் படலையில் நின்றாள்.

“கண்டீங்களா?”

வாயில் வந்தது, ஓம், கண்டேன், நட்டுவிட்டேன் என்பதுதான். ஒரு வேலையை முடிக்காமல் வந்தேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

“இல்ல புள்ள. என்னால கண்டுபிடிக்க ஏலாமப் போச்சு.”

அவள் கொஞ்ச நேரம் ஓட்டோவுக்குள் கிடந்த கட்டைகளைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த தடியை வாங்கிக் கதவோரம் சாத்தினாள்.

“சரி, வந்து இருங்க. மீனுக்கு இன்னும் முள் எடுக்கல்ல.”

அவளுடைய வீட்டுக்குள் போனேன்.